பறவை நம்மை மறக்கும்வரை

படிக்கும் முன் சிந்தி

உன் வீட்டருகே அடிக்கடி காணும் பறவைகள் யாவை? அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடு. அது காலையில் என்ன செய்கிறது, மாலையில் எங்கே போகிறது என்று உன்னால் சொல்ல முடியுமா?

1. தாழ்வாரத்தில் ஒரு கூடு

அன்று சனிக்கிழமை காலை. உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி ஒருத்தி, மூன்றாம் மாடியில் இருந்த தன் வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பாட்டி வளர்க்கும் காகிதப்பூச் செடியின் கிளையில் காய்ந்த இலைகளும் நாரும் நூலாம்படையுமாக ஏதோ ஒன்று தொங்கியது. காற்றில் வந்து சிக்கிய குப்பை என்று நினைத்து, அவள் துடைப்பத்தை ஓங்கினாள்.

"அதைத் தொடாதேம்மா! நன்றாகப் பார், அதற்கு ஒரு வாசல் இருக்கிறது," என்று தடுத்தார் பாட்டி.

அவள் குனிந்து பார்த்தாள். சுரைக்குடுக்கை போன்ற அந்தப் பொருளின் பக்கவாட்டில் சிறு துளை ஒன்று தெரிந்தது. மழைநீர் உள்ளே விழாதபடி துளைக்கு மேலே ஒரு சிறு கூரையும் இருந்தது. அப்போது துளையின் வழியாக வளைந்த அலகு ஒன்று எட்டிப் பார்த்தது.

அது தேன்சிட்டின் கூடு. சிங்கப்பூரின் பூங்காக்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் எளிதில் காணக்கூடிய பறவை தேன்சிட்டு. அதன் நீளம் 12 செண்டிமீட்டருக்கு மேல் இருக்காது. ஆண், பெண் இரண்டுக்கும் வயிறு மஞ்சளாக இருக்கும். ஆண் பறவையின் தொண்டையும் மார்பும் கருநீலமாக மின்னும். கூட்டைக் கட்டுவதும் முட்டைகளை அடைகாப்பதும் பெண் பறவையே. நார், காய்ந்த இலை, பஞ்சு ஆகியவற்றைச் சிலந்தி நூலால் ஒட்டி அது கூட்டைப் பின்னும். வழக்கமாக இரண்டு முட்டைகள் இடும்.

மாணவிக்கு மகிழ்ச்சி தாளவில்லை. 'என் அக்கம்பக்கம்' என்ற தலைப்பில் ஒரு புகைப்படக் கட்டுரை தயாரிக்கும்படி தமிழாசிரியர் சொல்லியிருந்தார். ஆறு படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம். இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா? அவள் அப்பாவின் கேமராவை எடுத்துக்கொண்டு கூட்டின் அருகே போனாள். பறவை சட்டென்று வெளியேறிப் பறந்தது. மறுநாளும் அப்படியே. இரண்டு நாள் முயற்சியில் அவளுக்குக் கிடைத்தவை பதினான்கு படங்கள். சிலவற்றில் மங்கலான ஓர் இறக்கை தெரிந்தது. சிலவற்றில் கிளை மட்டுமே இருந்தது.

2. முதலில் கண், பிறகு கேமரா

திங்கட்கிழமை அவள் படங்களை ஆசிரியரிடம் காட்டினாள்.

"பறவை ஏன் பறந்து போனது?" என்று கேட்டார் ஆசிரியர்.

"நான் பக்கத்தில் போனதால்தான், ஆசிரியர்."

"சரி. நீ போவதற்கு முன்பு அது என்ன செய்துகொண்டிருந்தது?"

அவளிடம் பதில் இல்லை.

"ஒரு வாரத்திற்குக் கேமராவைத் தொடாதே. குறிப்பேட்டை மட்டும் எடுத்துக்கொள். நீ இருப்பதையே பறவை மறந்துவிட வேண்டும். அதன் பிறகு படம் எடுக்கலாம்," என்றார் அவர்.

பறவைகளைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி இவ்வாறு பொறுமையாகப் பார்த்து எழுதியவர்களால் கிடைத்ததே. இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலி (1896–1987) அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1930ஆம் ஆண்டில் அவர் பம்பாய்க்கு அருகிலுள்ள கிஹிம் என்ற கடலோர ஊரில் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதிதான் கட்டுகிறது. பெண் குருவி வந்து பார்வையிடுகிறது. அதற்குப் பிடித்திருந்தால்தான் கூடு முழுமை பெறுகிறது. பெண் குருவி முட்டையிட்ட பிறகு, ஆண் குருவி வேறொரு கூட்டைக் கட்டத் தொடங்குகிறது. நாள்தோறும் ஒரே இடத்தில் இருந்து பார்த்து எழுதியதால்தான் இந்த உண்மைகள் அவருக்குப் புலப்பட்டன. தூக்கணாங்குருவி சிங்கப்பூரிலும் வாழ்கிறது. புல்வெளிகளை ஒட்டிய மரங்களில் அதன் கூடுகளைக் காணலாம்.

மாணவி தன் அறையின் சன்னலருகே அமர்ந்தாள். திரைச்சீலையை விரலளவு மட்டும் விலக்கிக்கொண்டாள். அவளுடைய குறிப்பேட்டில் முதல் நாள் எழுதியது இது:

காலை 7.20 – தாய்ப்பறவை கூட்டிலிருந்து வெளியே வந்தது.
காலை 7.31 – திரும்பி வந்தது. நேராகக் கூட்டுக்குள் போகவில்லை. முதலில் சைக்கிள் கைப்பிடியில் உட்கார்ந்தது. இருபுறமும் பார்த்தது. பிறகு உள்ளே போனது.
காலை 7.58 – பக்கத்து வீட்டு அண்ணன் மின்தூக்கியை நோக்கி நடந்து போனார். பறவை அசையவில்லை.
காலை 8.05 – நான் கதவைத் திறந்தேன். பறவை பறந்துவிட்டது.

கடைசி இரண்டு வரிகளையும் அவள் பலமுறை படித்துப் பார்த்தாள். ஒருவர் கூட்டைத் தாண்டி நடந்து போனால் பறவை அஞ்சவில்லை. கூட்டை நோக்கி வந்தால்தான் அஞ்சுகிறது. நின்று உற்றுப் பார்ப்பவரும் தன்பாட்டில் நடந்து செல்பவரும் அதற்கு ஒன்றல்லர்.

ஐந்தாம் நாள் இன்னொரு செய்தி தெரிந்தது. பறவை ஒவ்வொரு முறையும் அதே சைக்கிள் கைப்பிடியில்தான் வந்து உட்கார்ந்தது. அப்படியென்றால் கூட்டைப் படம் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கைப்பிடியை நோக்கிக் கேமராவை வைத்துவிட்டுச் சன்னலுக்குப் பின்னால் காத்திருந்தால் போதும்!

3. பறவைகளின் நேர அட்டவணை

தேன்சிட்டுக்கு ஒரு சைக்கிள் கைப்பிடி இருந்ததுபோல, ஒவ்வொரு பறவைக்கும் பழகிய இடமும் பழகிய நேரமும் உண்டு. அவற்றை அறிந்தவர் பறவையைத் துரத்த வேண்டியதில்லை.

கால்வாய் ஓரங்களிலும் சதுப்புநிலங்களிலும் காணப்படும் மீன்கொத்தியைப் பாருங்கள். அது விரும்பி அமரும் கிளைகள் சிலவே. அங்கிருந்து பாய்ந்து இரையைப் பிடித்த பிறகு, பெரும்பாலும் மீண்டும் கிளைக்கே வரும். இரையைக் கிளையில் பலமுறை அடிக்கும். பிறகு மீனின் தலை முதலில் உள்ளே போகும்படி திருப்பிப் பிடித்து விழுங்கும். வால் முதலில் போனால் செதிலும் துடுப்பும் தொண்டையில் சிக்கும் அல்லவா? இது தெரிந்தவர் மீன்கொத்தி பாயும்போது பதற்றப்படமாட்டார். அது திரும்பி வரப்போகும் கிளையில் கவனத்தை வைத்திருப்பார்.

நீரோரம் அசையாமல் நிற்கும் சிறு பச்சைக் கொக்கு இன்னும் வியப்பானது. அது சில வேளைகளில் ஒரு பூச்சியையோ இலைத் துண்டையோ அலகால் எடுத்து நீரின்மேல் போடும். அதை உணவென்று எண்ணி வரும் மீனைக் கவ்விக்கொள்ளும். அதாவது, அது தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறது! இதை ஐந்து நிமிடம் நின்று பார்ப்பவர் காண்பது அரிது. அரை நாள் காத்திருப்பவருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கலாம்.

சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் பறவைகளின் நேரத்தைக் கடலே முடிவுசெய்கிறது. ஏறத்தாழ செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியா போன்ற தொலைதூர இடங்களிலிருந்து வலசைப் பறவைகள் அங்கு வருகின்றன. சிவந்த கால்களைக் கொண்ட பவளக்காலியும் உப்புக்கொத்தியும் அவற்றுள் அடங்கும். கடல்நீர் வற்றும்போது அவை வெளியே தெரியும் சேற்றுப் பரப்பில் புழு, நண்டு ஆகியவற்றைத் தேடித் தின்னும். நீர் ஏறும்போது அந்தச் சேற்றுப் பரப்பு மூழ்கிவிடும். அப்போது அவை ஒதுக்கு வனப்பகுதியின் குளங்களுக்குக் கூட்டமாக வந்து ஓய்வெடுக்கும். எனவே அங்குச் செல்பவர்கள் கடிகாரத்தை மட்டுமன்றி, கடல் ஏற்றவற்றம் பற்றிய அட்டவணையையும் பார்த்துவிட்டே புறப்படுவார்கள்.

இந்த இடம் காக்கப்பட்டதற்கும் கவனித்துப் பார்த்தவர்களே காரணம். 1986ஆம் ஆண்டில் பறவை ஆர்வலர்கள் சிலர் அங்கு ஏராளமான பறவைகள் இருப்பதைக் கண்டு பதிவுசெய்தனர். அந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று அவர்கள் அரசாங்கத்திடம் முன்வைத்த கோரிக்கை ஏற்கப்பட்டது. 1993இல் சுங்கை பூலோ இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. 2002இல் அது ஒதுக்கு வனப்பகுதி என்ற நிலையைப் பெற்றது.

தொலைவான இடங்களுக்குப் போக முடியாதவர்கள் மாலை ஏழு மணிக்குத் தங்கள் குடியிருப்பின் கீழே நிற்கலாம். மைனாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஒரே மரத்தில் அடைவதைக் காணலாம். காகம் கூடு கட்டும் காலத்தில் குயில் ஏன் அந்த மரத்தையே சுற்றி வருகிறது என்றும் கவனிக்கலாம். குயில் தனக்கெனக் கூடு கட்டாது. காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிடும்.

4. படம் எடுக்கும் முறை

பறவைப் படத்திற்கு விலை உயர்ந்த கருவி கட்டாயமில்லை. ஆனால், சில அடிப்படைகளை அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, ஒளி. காலை ஏழரை மணி முதல் ஒன்பதரை மணி வரை வெயில் சாய்வாகவும் மென்மையாகவும் விழும். பறவைகளும் அந்நேரத்தில் சுறுசுறுப்பாக இரை தேடும். நண்பகல் வெயிலில் பறவையின் முகத்தில் கருநிழல் விழும். படம் எடுப்பவருக்குப் பின்னால் சூரியன் இருந்தால் இறகுகளின் நிறம் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, வேகம். கிளையில் அமைதியாக அமர்ந்திருக்கும் பறவையை நொடியில் 500இல் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுத்தால் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பறக்கும் பறவைக்கு நொடியில் 2,000இல் ஒரு பங்கு தேவைப்படலாம்.

மூன்றாவது, கண். பறவையின் கண் தெளிவாக இருந்தால் வால் சற்று மங்கியிருந்தாலும் படம் உயிரோடு இருக்கும். பறவையின் கண் மட்டத்திற்கு நாமும் தாழ்ந்து படம் எடுத்தால், அதன் உலகத்தை அருகிலிருந்து பார்ப்பதுபோல் தோன்றும்.

கைத்தொலைபேசி மட்டும் வைத்திருப்பவர்கள் பறவையைப் பெரிதாகக் காட்ட முயல வேண்டாம். அது வாழும் மரம், மதில், கால்வாய் ஆகியவற்றோடு சேர்த்து எடுக்கலாம். 'இந்தப் பறவை எங்கே வாழ்கிறது?' என்ற கேள்விக்கு அத்தகைய படமே நல்ல விடை. தொலைநோக்கி வாங்க நினைப்பவர்கள் அதன்மேல் 8×42 போன்ற எண்கள் இருப்பதைக் காண்பார்கள். முதல் எண், பொருள் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதைக் குறிக்கும். இரண்டாம் எண், முன்பக்க வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். வில்லை பெரிதாக இருந்தால் உள்ளே வரும் ஒளியும் கூடும்.

5. சிலந்தியைக் கவ்விய தாய்ப்பறவை

இரண்டாம் வாரத்தில் முட்டைகள் பொரிந்தன. கூட்டின் வாசலில் இரண்டு சிறிய வாய்கள் தெரிந்தன. இப்போது ஆண் பறவையும் இரை கொண்டுவரத் தொடங்கியது. தேன்சிட்டு என்று பெயர் இருந்தாலும், குஞ்சுகள் வளர்வதற்குத் தேன் போதாது. சிறு பூச்சிகளும் சிலந்திகளும் வேண்டும். ஒரு நாள் காலை, அரை மணி நேரத்தில் பெற்றோர் இருவரும் ஒன்பது முறை இரையோடு வந்ததாக மாணவி குறித்துக்கொண்டாள். குஞ்சுகளின் எச்சத்தையும் அவை அலகால் எடுத்துச் சென்று தொலைவில் போட்டன.

சன்னலுக்குப் பின்னாலிருந்து அவள் நல்ல படங்கள் நான்கு எடுத்துவிட்டாள். ஆனால், குஞ்சுகளின் வாயில் தாய் இரையை ஊட்டும் காட்சி மட்டும் கிடைக்கவில்லை. இலைகள் அடர்ந்த ஒரு கிளை கூட்டின் வாசலைப் பாதி மறைத்திருந்தது.

சனிக்கிழமை பிற்பகல், தாய்ப்பறவை வெளியே போன நேரம் பார்த்து அவள் மெல்லக் கதவைத் திறந்தாள். அந்தக் கிளையை வளைத்து, ரப்பர் வளையத்தால் மறுபக்கம் கட்டினாள். 'ஒடிக்கவில்லையே, ஒரு படம் எடுத்தவுடன் அவிழ்த்துவிடலாம்,' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அறைக்குள் போய்க் காத்திருந்தாள்.

தாய்ப்பறவை வந்தது. வழக்கம்போல் சைக்கிள் கைப்பிடியில் உட்கார்ந்தது. அதன் அலகில் ஒரு சிலந்தி இருந்தது. பிற்பகல் வெயில் அதன் மஞ்சள் வயிற்றில் பட்டு ஒளிர்ந்தது. கழுத்தை நீட்டி, உடலை நிமிர்த்தி, அது நேராகக் கூட்டைப் பார்த்தது. மாணவி பொத்தானை அழுத்தினாள். அதுவரை அவள் எடுத்த எந்தப் படத்தையும்விட அது தெளிவாக இருந்தது.

ஆனால், பறவை கூட்டுக்குள் போகவில்லை. கீச்சென்று விட்டுவிட்டுக் கத்தியது. பறந்து போனது. மீண்டும் வந்தது. அலகில் அதே சிலந்தி. மீண்டும் கத்தியது, மீண்டும் பறந்தது. ஐந்து நிமிடம் கடந்தது. பத்து நிமிடம் கடந்தது. ஆண் பறவையும் வந்தது; அதுவும் உள்ளே போகவில்லை. கிளையின் நிழல் இல்லாததால் வெயில் நேராகக் கூட்டின்மேல் விழுந்தது. குஞ்சுகளின் குரல் முதலில் உரக்கக் கேட்டது. பிறகு மெலிந்தது.

மாணவி குறிப்பேட்டைப் புரட்டினாள். இரண்டு வாரமாக எழுதியதில் பறவை இரையோடு வந்து கூட்டுக்குள் நுழையாமல் திரும்பிய நேரம் ஒன்றுகூட இல்லை. கிளை இல்லாத கூடு அதற்குத் தன் கூடாகத் தெரியவில்லையோ? அல்லது காகத்தின் கண்ணில் படுமென்று அஞ்சியதோ? எதுவாக இருந்தாலும், காரணம் அவள்தான்.

அவள் ஓடிப்போய் ரப்பர் வளையத்தைக் கழற்றினாள். கிளை பழைய இடத்திற்கு வந்து வாசலை மறைத்தது. அவள் உள்ளே வந்து திரைச்சீலையை முழுவதும் இழுத்து மூடினாள். பாட்டி எதுவும் கேட்கவில்லை. அவளருகே வந்து அமர்ந்துகொண்டார். வெளியே பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. வெகு நேரம் கழித்து, "சத்தம் கேட்கிறதா?" என்றார் பாட்டி. குஞ்சுகள் இரை வாங்கும்போது எழுப்பும் மெல்லிய ஒலி அது.

6. படத்தைவிடப் பெரியது

அந்த மாணவிக்கு ஏற்பட்ட ஆசை புதிதன்று. கேமராவும் பறவையும் சந்தித்த நாளிலிருந்து, எப்படி நெருங்குவது என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1895ஆம் ஆண்டில் பறவைக் கூடுகளைப் பற்றிப் புகைப்படங்கள் நிறைந்த நூல் ஒன்றை வெளியிட்டனர். அக்காலத்துக் கேமராவால் தொலைவிலிருந்து படம் எடுக்க முடியாது. ஆகவே அவர்கள் மரச் சட்டத்தின்மேல் மாட்டுத் தோலைப் போர்த்தி, உள்ளீடற்ற பொம்மை மாடு ஒன்றை உருவாக்கினர். அதனுள் ஒளிந்துகொண்டு படம் எடுத்தனர்! மேய்கின்ற மாட்டைக் கண்டு பறவைகள் அஞ்சாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பறவையின் இடத்தை மாற்றவில்லை, தங்களை மாற்றிக்கொண்டார்கள்.

சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. கருப்பும் வெள்ளையுமான இருவாட்சிப் பறவை ஒரு காலத்தில் இத்தீவிலிருந்து முற்றிலும் மறைந்துபோயிருந்தது. 1994ஆம் ஆண்டில் புலாவ் உபின் தீவில் ஓர் இணை காணப்பட்டது. இருவாட்சி பெரிய மரப்பொந்தில்தான் முட்டையிடும். பெண் பறவை உள்ளே போய், மண்ணும் உணவுத் துணுக்கும் எச்சமும் கலந்து வாசலை அடைத்துக்கொள்ளும். சிறு பிளவு மட்டும் இருக்கும். ஆண் பறவை பல வாரங்கள் அந்தப் பிளவின் வழியாக உணவு ஊட்டும். பொந்துள்ள பெரிய மரங்கள் போதிய அளவில் இல்லாததால், ஆய்வாளர்கள் மரத்தில் கூட்டுப் பெட்டிகளைப் பொருத்தினர். சில பெட்டிகளுக்குள் சிறிய கேமராக்களை வைத்தனர். இதனால் கூட்டைத் திறக்காமலேயே உள்ளே நடப்பதை அறிய முடிந்தது. இன்று சாங்கி, பாசிர் ரிஸ் போன்ற வட்டாரங்களிலும் இருவாட்சிகளைக் காணலாம்.

பறவையைப் படம் எடுப்போர் மனத்தில் கொள்ள வேண்டியவை இவை:

• கூட்டருகே உள்ள கிளையையோ இலையையோ வெட்டவோ வளைக்கவோ கூடாது. அவை குஞ்சுகளுக்கு நிழல். எதிரியின் கண்ணிலிருந்து மறைக்கும் திரை.
• கேமராவின் திடீர் ஒளியைக் கூட்டின்மேல் பாய்ச்சக் கூடாது.
• உணவு வைத்துப் பறவையை வரவழைக்கக் கூடாது. சிங்கப்பூரில் அனுமதியின்றி வனவிலங்குகளுக்கு உணவளிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, முதன்முறை குற்றம் புரிவோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.
• கூடு இருக்கும் இடத்தைச் சமூக ஊடகங்களில் வெளியிடக் கூடாது. ஒருவர் வந்தால் பறவை பொறுத்துக்கொள்ளலாம். ஐம்பது பேர் வந்தால்?
• பறவை இரை தின்பதை நிறுத்தினாலோ, விட்டுவிட்டுக் கத்தினாலோ, இரையைக் கவ்வியபடி கூட்டுக்குள் போகாமல் இருந்தாலோ, நாம் எல்லை மீறிவிட்டோம் என்பது பொருள். உடனே பின்வாங்க வேண்டும்.

7. ஐந்தாம் படம்

முட்டைகள் பொரிந்து இரண்டு வாரங்களுக்கும் சற்றுக் கூடுதலாக ஆகியிருந்தது. மாணவி பள்ளியிலிருந்து வீடு திரும்பியபோது கூடு அசையாமல் தொங்கியது.

"இரண்டும் பறந்துவிட்டன. ஒன்று மட்டும் உன் சைக்கிள் கைப்பிடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது," என்றார் பாட்டி.

"நீங்கள் படம் எடுத்தீர்களா, பாட்டி?"

"எனக்கு எங்கே அதெல்லாம் தெரியும்? நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்."

மறுவாரம் வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் புகைப்படக் கட்டுரைகளைச் சுவரில் ஒட்டினர். விளக்கங்களைப் படிக்கும் முன், தங்களுக்குப் பிடித்த படத்தைத் தேர்ந்தெடுக்கும்படி ஆசிரியர் சொன்னார். பலர் அந்த மாணவியின் ஐந்தாம் படத்தையே காட்டினர். சைக்கிள் கைப்பிடியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் தேன்சிட்டு, அலகில் சிலந்தி, வெயிலில் ஒளிரும் மஞ்சள் வயிறு. "எவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது!" என்றான் ஒரு மாணவன்.

பிறகு அவர்கள் படத்தின் கீழே இருந்த விளக்கத்தைப் படித்தார்கள்.

"இந்தப் பறவை கம்பீரமாக அமர்ந்திருப்பதுபோல் தெரியலாம். உண்மையில் அது அஞ்சிக்கொண்டிருக்கிறது. கூட்டை மறைத்திருந்த கிளையை நான் இழுத்துக் கட்டியதால் அது உள்ளே போகவில்லை. அலகில் உள்ள சிலந்தி குஞ்சுகளுக்கு உரியது. நான் கிளையை அவிழ்க்கும்வரை அது அவற்றுக்குக் கிடைக்கவில்லை. நான் எடுத்தவற்றில் மிகத் தெளிவான படம் இதுதான். இனி இப்படி ஒரு படம் எடுக்கமாட்டேன்."

வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. கம்பீரம் என்று சொன்ன மாணவன் மீண்டும் படத்தருகே சென்று, பறவையின் நீண்ட கழுத்தையும் விரிந்த கண்ணையும் உற்றுப் பார்த்தான். ஆறாம் படம் சாதாரணமானது. சன்னல் கம்பிகளுக்கு இடையே, சற்று மங்கலாக, கிளைக்குப் பின்னால் பாதி மறைந்த கூடு. அதன் வாசலில் தாய்ப்பறவையின் வால் மட்டும் தெரிந்தது. அது தலையை உள்ளே நுழைத்துக் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

சொல்வளம்

அடைகாத்தல் – முட்டையின்மேல் அமர்ந்து வெப்பம் தருதல்
வலசை – பறவைகள் பருவந்தோறும் ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்குச் செல்லுதல்
ஏற்றவற்றம் – கடல்நீர் உயர்வதும் தாழ்வதும்
உள்ளீடற்ற – உள்ளே ஒன்றுமில்லாத
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
கம்பீரம் – மிடுக்கான தோற்றம்

கருத்தறிதல்

1. நடந்து சென்றவரைக் கண்டு அஞ்சாத பறவை, மாணவியைக் கண்டு அஞ்சியது ஏன்?
2. சுங்கை பூலோவுக்குச் செல்வோர் கடல் ஏற்றவற்றத்தை ஏன் அறிந்திருக்க வேண்டும்?
3. 'அவர்கள் பறவையின் இடத்தை மாற்றவில்லை, தங்களை மாற்றிக்கொண்டார்கள்.' இக்கூற்றை விளக்குக.
4. மாணவி ஐந்தாம் படத்தைக் கட்டுரையில் சேர்த்தது சரியா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுது.

செய்து பார்

உன் குடியிருப்பில் ஒரு பறவையைத் தேர்ந்தெடு. ஒரு வாரம், நாள்தோறும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் அதைக் கவனி. நேரம், இடம், செயல் ஆகிய மூன்றையும் குறித்து வை. வார இறுதியில், அப்பறவை அடுத்து என்ன செய்யும் என்று உன்னால் முன்கூட்டியே சொல்ல முடிகிறதா என்று நண்பருடன் சேர்ந்து சோதித்துப் பார்.